விளாத்திமோட்டையின் பதினொரு வீடுகள்

அன்புள்ள அண்ணை,

இன்று காலை ஜான்-தாலோன் தெருவில் நம்மவர் கடைக்கு முருங்கைக்காய் வந்திருந்தது. விரல் நீளத்துக்கு நறுக்கி, பொலித்தீன் பையில் அடைத்து, கல்லாக உறைய வைத்த முருங்கைக்காய். கடைக்காரர் குளிர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து, "அக்கா, நேற்றுத்தான் வந்தது, ரெண்டு பை எடுங்கோ" என்றார். பையைக் கையில் எடுத்ததும் என் வாயிலிருந்து "பதினேழு" என்று வந்துவிட்டது. மனிதர் திகைத்துப்போய், "பதினேழு பையோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ்கள் போய்விட்டன.

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. இவ்வளவு நாளும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கில் சொல்ல வேண்டும், ஒழுங்கு தப்பினால் உங்களுக்குப் பிடிக்காது.

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில்தான் உங்களை முதலில் கண்டேன். தட்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். நான் பாண் துண்டு வைப்பேன். எனக்குப் பக்கத்தில் நீங்கள் கத்தியும் முள்ளும் கடுதாசித் துவாயும் சுற்றி வைப்பீர்கள். தலையில் வலைத்தொப்பி, தாடிக்கும் ஒரு வலை. ஐம்பது வயது மனிதர் அந்தக் கோலத்தில் அவ்வளவு கம்பீரமாக நிற்பதைக் கண்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கதைத்துப் பார்த்தால், நீங்கள் நாவற்சந்தி உதவி அரசாங்க அதிபர் கந்தோரில் இருபத்திரண்டு வருஷம் காணிப் பகுதி எழுதுவினைஞர். ஷெல் விழத் தொடங்கிய பிறகு கந்தோர் மூடி, ஊர் காலியாகி, நீங்கள் எப்படியோ மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் மனைவியும் மகளும் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில், இன்னும் முப்பது குடும்பங்களோடு படுத்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அகதி வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். தோற்றால் நீங்களும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்த நாட்களில் நான் வீட்டுக் கணினியில் தமிழ் எழுத்துக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாண அழைப்பிதழ், கோவில் துண்டுப் பிரசுரம், ஊர்ச் சங்க மலர்கள். உங்கள் நாவற்சந்திச் சங்கமும் ஒரு மலர் போடுவதற்காக என்னிடம் வந்தது. ஊரின் தொடக்க வரலாற்றை நீங்கள் எழுதுவது என்று முடிவானது. நான் உங்களைச் சீண்டினேன்.

"ஒரு சந்தி, ஒரு கந்தோர், பத்துக் கடை. இதுக்கொரு வரலாறோ அண்ணை?"

"யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ஆனையிறவுக்கு அங்கால வன்னியில வரலாறே இல்லைத்தானே" என்றீர்கள், முகத்தை அசைக்காமல்.

எழுதிக்கொண்டு வந்த தாள்களைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு தாளையும் நீளவாக்கில் மடித்து, இடப்பாதியில் மட்டும் எழுதியிருந்தீர்கள். வலப்பாதி முழுக்க வெறுமை. கந்தோரில் அதுதான் முறையாம். எழுதுவினைஞர் இடப்பக்கம் எழுதுவார், மேலதிகாரி தன் குறிப்பை வலப்பக்கம் எழுதுவார். "இஞ்ச மேலதிகாரி ஆர்?" என்று கேட்டேன். "நீங்கள்தான். ஏதும் மாத்தோணும் எண்டா வலப்பக்கத்தில எழுதுங்கோ" என்றீர்கள். தாளை வீணாக்குகிறீர்கள் என்று திட்டிக்கொண்டே வாங்கினேன். வாங்கி வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன்.

நாவற்சந்திக்குக் கந்தோர் வந்த கதை அது. முதலில் கந்தோர் கடற்கரைப் பக்கம் ஒரு கூடாரத்தில் இருந்தது. காய்ச்சல் வந்து எழுதுவினைஞர்கள் இரண்டு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரத் துரை நல்ல தண்ணீர் தேடிக் குதிரையில் உள்நாட்டுக்கு வந்தார். அந்தப் பகுதிக்குத் தலைமைக்காரரான உடையார் அவரை ஒரு கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். துரை ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், இங்கேதான் கந்தோர் என்றார். அது விளாத்திமோட்டைக் கிராமத்தின் கிணறு. அதைச் சுற்றிப் பதினொரு வீடுகள். ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாத காணி அரசாங்கக் காடு என்பது அந்தக் காலத்துச் சட்டம். இது காடுதான், இங்கே குடி இல்லை என்று உடையார் ஒப்பமிட்டுக் கொடுத்தார். பதினொரு குடும்பமும் வளைமரமும் தடியும் மிஞ்சட்டும் என்று தங்கள் கூரைகளைத் தாங்களே பிரித்து எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். உங்கள் அப்பப்பாவின் வீடு நாலாவது வீடு.

பிறகு நீதிமன்றம் வந்தது, தபால் கந்தோர் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, சந்தி வந்தது, சந்திக்கு நாவற்சந்தி என்று ஒரு பெயர் வந்தது. எது யாருடைய வளவின் மேல் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தீர்கள். தபால் கந்தோருக்குக் கீழே ஒரு மாட்டுப்பட்டி. நீதிமன்றத்துக்குக் கீழே ஒரு சூடடிக்கும் களம். பாதிக் கதை உங்கள் தமையன் சொன்னது, மீதி நீங்கள் கந்தோர் அலுமாரியில் கண்ட முதல் நிலஅளவைப் படம். அந்தப் படத்தில் ஒரு வீடுகூட இல்லை. ஆனால் படம் கீறியவர் தன் தொழில் முறைப்படி மரங்களை எண்ணிக் குறித்திருந்தார். முருங்கை பதினேழு. தேசி நாலு.

"காட்டில முருங்கை தானா முளைக்குமோ தங்கச்சி?" என்று கேட்டீர்கள். அந்தப் பந்திக்குப் பக்கத்தில், வலப்பாதியில், என் கையால் எழுதினேன்: "இந்த மலரில் வாசிக்கக்கூடிய பந்தி இது ஒன்றுதான்."

அடுத்த கிழமை சங்கத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். அந்த உடையாரின் பேரப்பிள்ளை. அவரைப் பற்றிக் கெட்டதாக மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கி வசதியாக இருந்த மனிதர், விசாரணைக்குப் போகிற எத்தனையோ பேரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். "இவர் எங்கள் ஊரவர்" என்று அவர் கொடுக்கிற கடிதத்தால் எத்தனையோ வழக்குகள் வென்றிருக்கின்றன. உங்களுக்கும் அந்தக் கடிதம் வேண்டியிருந்தது. வந்தவர் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு அச்சுப்படியைப் புரட்டினார்.

"ஒரு பந்தி சரியில்லை தங்கச்சி."

"எது?"

"உமக்குத் தெரியும். என்ர அப்பப்பா ஆக்களைக் குடியெழுப்பினவர் எண்டு என்ர பிள்ளையள் வாசிக்கோணுமோ?"

"அவர் பொய் எழுதேல்லையே."

"பொய்யெண்டு நான் சொன்னனோ?" என்றார். பிறகு எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அவருக்கு விசாரணை வருகுது. கடிதம் நான் இன்னும் எழுதேல்லை. எழுதுவன். ஆனா எனக்கும் மனம் எண்டு ஒண்டு இருக்குத்தானே" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அண்ணை, அன்றைக்கு உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். அடுத்த நாள் காலையில் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம், அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் பந்தியை எடுக்க விடமாட்டீர்கள், கடிதம் கிடைக்காது, வழக்குத் தோற்கும், அங்கே பள்ளிக்கூடத் தரையில் கிடக்கிற இரண்டு சீவன்கள் அப்படியே கிடக்கும் என்று நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே முடிவெடுத்தேன். எனக்கு எப்போதும் மற்றவர்களின் நன்மை அவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் புத்தியால் என் வீட்டிலும் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது.

பந்தியை எடுத்தேன். எடுத்த இடத்தில் கதை அறுந்து நின்றது. அதை ஒட்ட ஒரு வசனம் வேண்டும். "அக்காலத்தில் நாவற்சந்தி மனித வாடையே படாத அடர்காடாகக் கிடந்தது" என்று எழுதிச் சேர்த்தேன். இந்த வசனம் தலைவர் சொல்லித் தந்ததல்ல. என்னுடையது. எழுதிவிட்டு, நல்லாய்த்தான் வந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மலர் வெளியீடு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்து மண்டபத்தில். நீங்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். வடையும் தேத்தண்ணியும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று உங்கள் கட்டுரையைப் பிரித்தீர்கள். நான் மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் உங்கள் கண் நின்றது. முன்பக்கம் திருப்பினீர்கள், பின்பக்கம் திருப்பினீர்கள், தாள் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள். ஒலிவாங்கியில் தலைவர் உங்களைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் நடந்து வந்தீர்கள்.

"வலப்பக்கத்தில எழுதியிருக்கலாமே தங்கச்சி."

"உங்களுக்காகத்தான் செய்தனான்" என்றேன். குற்றம் செய்தவளுக்கு வருகிற கோபம் அது. "கடிதம் வேண்டாமோ? மனிசி பிள்ளையைக் கூப்பிட வேண்டாமோ?"

"எனக்காகவெண்டா எனக்குச் சொல்லியிருப்பியள்" என்றீர்கள். குரல் உயரவில்லை. மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். அதற்குப் பிறகு மூன்று கிழமை, தட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டே, பாண் முடிந்துவிட்டது என்பதைக்கூட எனக்குக் கைச்சாடையால்தான் காட்டினீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், தலைவர் சொன்னபடி கடிதம் கொடுத்தார். நல்ல கடிதம். ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று மலரையும் சேர்த்து உங்கள் வழக்கறிஞருக்கு அனுப்பினார். வழக்கறிஞர் ஒரு கியூபெக் பெண். அவர் உங்கள் கட்டுரையைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பித்து, வாசித்துப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே விசாரணைக்காரரிடம் சேர்த்துவிட்டார். பிறகுதான் ஆறுதலாக வாசித்தார். வாசித்த அன்றே உங்களை வரச் சொன்னார். உங்களுக்குப் பிரெஞ்சு வராது. எனக்கு அரைகுறையாக வரும். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்து, "ஒருக்கா வருவியளோ?" என்று கேட்டீர்கள்.

வழக்கறிஞர் மேசையில் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உங்கள் அகதிப் படிவத்தில் பிறந்த இடம் நாவற்சந்தி. எங்கள் ஆட்கள் எல்லாரும் விடுகிற பிழைதான் அது. அந்நியர் யாராவது ஊர் எது என்று கேட்டால், பக்கத்திலிருக்கிற பெரிய இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவோம். நானே மானிப்பாய்ப் பக்கம் ஒரு மூலையில் பிறந்துவிட்டு இன்றுவரை யாழ்ப்பாணம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிறந்த இடம் விளாத்திமோட்டை. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் போன குடும்பங்களுக்குப் பதிவுகாரர் நெடுங்காலம் பழைய பெயரையே எழுதி வந்தாராம். அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. மூன்றாவது தாள் மலரின் மொழிபெயர்ப்பு.

"விளாத்திமோட்டையும் நாவற்சந்தியும் ஒரே இடம் என்று நாங்கள் சொல்லப் போகிறோம்" என்றார் வழக்கறிஞர். "ஆனால் அங்கே எந்தக் கிராமமும் இருக்கவில்லை, மனிதரே இருக்கவில்லை என்று இவரே தன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். இந்தப் பத்திரம் யாருடையது என்று கேட்பார்கள். இந்த மனிதர் யார் என்று கேட்பார்கள்."

அதை உங்களுக்குத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. என்னுடைய அழகான வசனம் அந்த மேசையில் மஞ்சள் மையால் அடிக்கோடிட்டுக் கிடந்தது. நீங்கள் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சொல்லாமலே உங்களுக்கு விளங்கிவிட்டது.

"அச்சுக்குப் போகுமுன் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் தொலைபேசியில் சொன்னார்" என்றார் வழக்கறிஞர். "யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். கையெழுத்துப் பிரதி இருக்கிறதா? மாற்றியவரைக் கூட்டிவர முடியுமா? கேட்டுச் சொல்லுங்கள்."

"கேட்கத் தேவையில்லை மதாம். மாற்றியது நான்" என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கையெழுத்துப் பிரதியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. எழுத்துக் கோத்து முடிந்த தாள்களை நான் வைத்திருப்பதில்லை. இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாக்கினேன். விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. வேலையில் பாணுக்குப் பதிலாக எதை எதையோ தட்டில் வைத்தேன், மேற்பார்வைக்காரி கத்தினாள். மூன்றாம் நாள் என் மகளின் வர்ணப்பென்சில் பெட்டிக்கு அடியில் தாள்கள் அகப்பட்டன. நீங்கள் வெறுமையாக விட்ட வலப்பாதிகள் எல்லாவற்றிலும் அவள் பூனை கீறி வைத்திருந்தாள். செம்மஞ்சள் பூனை, ஊதாப் பூனை. முருங்கைப் பந்திக்குப் பக்கத்தில், என் குறிப்புக்குக் கீழே, மீசை வைத்த ஒரு பெரிய பூனை. உங்களிடம் கொண்டுவந்து காட்டியபோது அழுதுவிட்டேன். நீங்கள் ஒவ்வொரு தாளாகப் பார்த்தீர்கள். "மேலதிகாரி ஒப்பம் வைச்சிட்டா" என்றீர்கள். அந்த மாதத்தில் நீங்கள் என்னிடம் சொன்ன ஒரே பகிடி.

விசாரணை அறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு நீண்ட மேசை, தண்ணீர்க் கூசா, ஒரு கொடி. நான் வெளியே வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டார்கள். விசாரணைக்காரர் தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒரு மனிதர், கைக்குட்டையை மேசையிலேயே வைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சென்னைக்காரர். கையெழுத்துத் தாள்களைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பூனை யார் கீறியது?" என்பதுதான் முதல் கேள்வி.

"என் மகள். ஆறு வயது."

"இந்தக் குறிப்பு?"

"நான் எழுதினது."

"வாசிக்கக்கூடிய பந்தி இது ஒன்றுதான் என்று நீங்களே எழுதிவிட்டு, அதை ஏன் எடுத்தீர்கள்?"

அந்தக் கேள்விக்கு வழக்கறிஞர் என்னைத் தயார்ப்படுத்தியிருந்தார். தயார்ப்படுத்திய பதில் எல்லாம் மறந்துபோனது. "சண்டை வரும் என்று பயந்தேன்" என்றேன்.

"யார் சொல்லி எடுத்தீர்கள்?"

தலைவரின் பெயரைச் சொல்லலாம், அது உண்மை. ஆனால் அவருடைய கடிதமும் அதே கோப்புக்குள்தான் இருந்தது. உங்கள் வரலாற்றை மாற்றச் சொன்னவர்தான் உங்களுக்குச் சாட்சிக் கடிதமும் கொடுத்தவர் என்று தெரிந்தால், அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு? உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலைநிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கோப்பில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் தாங்காத மனிதர். வாய் திறந்து திருத்திவிடுவீர்களோ என்று உங்கள் உதட்டையே பார்த்தேன்.

"ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன். அந்தக் காட்டு வசனமும் நானாகத்தான் எழுதினேன்."

நீங்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டீர்கள். விசாரணைக்காரர் மூக்கைச் சிந்திவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "அப்படியானால் அந்தக் கிராமம் எங்கே இருந்தது? காட்டுங்கள்."

நீங்கள் ஒரு தாள் கேட்டு வாங்கினீர்கள். மேசையில் குனிந்து முதலில் கிணற்றைக் கீறினீர்கள், பிறகு குளக்கட்டு. பிறகு வீடு வீடாக. "முதலாவது வீடு கதிரன்ர. இப்ப அதில தபால் கந்தோர் நிக்குது. அவற்ற மாட்டுப்பட்டி நிண்ட இடத்தில முத்திரை விக்கிற யன்னல். ரெண்டாவது வீடு அவற்ற தங்கச்சியின்ர." மொழிபெயர்ப்பாளர் மாட்டுப்பட்டிக்குப் பிரெஞ்சு தேடித் தடுமாறினார். நீங்கள் அவருக்காக நின்று, பிறகு தொடர்ந்தீர்கள். பதினொரு வீடு, பதினொரு பெயர், கிணற்றிலிருந்து எத்தனை எட்டு, இன்றைக்கு மேலே என்ன நிற்கிறது. நாலாவது வீட்டைக் கீறிவிட்டுப் பேனாவை அதன் மேலேயே வைத்திருந்தீர்கள். "இது எங்கட. இப்ப இதில காணிப் பகுதி. இருபத்திரண்டு வருஷம் நான் என்ர அப்பப்பாவின்ர வீட்டுக்கு மேலதான் கதிரை போட்டு இருந்தனான்."

விசாரணைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ஐந்து கிழமை பதில் இல்லை. பிறகு ஒரு காலை நீங்கள் ஒரு கடித உறையை வலைத்தொப்பிக்குக் கீழே செருகிக்கொண்டு வந்து, தட்டுகள் நகரத் தொடங்குமுன் என் கையில் தந்தீர்கள். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அந்த இடத்திலேயே கத்திவிட்டேன். இன்னும் இரண்டு வருஷத்தில், நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

நான் செய்த பிழை சுகமாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடுத்த பந்தியைத் தனித்தாளாக அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுப்போம் என்று ஒருமுறை உங்களிடம் சொன்னேன். "பேந்து பாப்பம் தங்கச்சி" என்றீர்கள். உள்ளுக்குள் எனக்கு ஆறுதல்தான். தலைவரின் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. வவுனியாவிலிருந்து மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த உங்கள் தமையனின் நீலக் கடிதங்கள் வருவதில்லை என்று கவனித்துக் கேட்டபோது, "அங்க தபால் ஒழுங்கில்லை" என்றீர்கள். அதையும் நம்பினேன். இந்தப் பனிக்காலத்தில், வேலைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மொன்ட்ரியால்-நோரில் உங்கள் வீட்டுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா பயற்றம் பணியாரமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தா.

"ஒண்டு கேக்கட்டோ? நீங்கள்தானே அந்த மலருக்கு எழுத்துக் கோத்தது. எங்களைக் கூப்பிடுறதுக்காகத்தானே இவர் அப்பிடி எழுதினவர்?"

"எப்பிடி?"

"விளாத்திமோட்டையில ஆக்களே இல்லை, காடு எண்டு. மலர் அங்க வவுனியாவுக்கும் வந்ததே. சங்கத்தால அனுப்பினவை. தமையன் வாசிச்சுப்போட்டு, 'உடையார் ஒருக்கா எங்களை இல்லையெண்டு எழுதினான், இப்ப என்ர தம்பி ரெண்டாந்தரம் எழுதிப்போட்டான்' எண்டு சொல்லி, எல்லாருக்கும் முன்னால புத்தகத்தைக் கிழிச்சவர். அதோட கடிதம் நிப்பாட்டினவர். இவர் எழுதின கடிதத்தையும் உடைக்காமலே திருப்பி அனுப்பினவர்."

கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன். அக்கா தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தா.

"நான் இஞ்ச வந்த உடன கேட்டன், ஏனப்பா இப்பிடி எழுதினியள் எண்டு. 'என்ர பேரிலதானே வந்தது. பேர் போட்டவன்தான் பதில் சொல்லோணும்' எண்டார். வேற ஒரு கதை இல்லை. நானும் பேந்து கேக்கேல்லை. எங்களுக்காகத்தானே செய்தவர்."

அண்ணை, ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாமே. எழுத்துக் கோத்தவள் மாற்றிவிட்டாள் என்று உங்கள் தமையனுக்கு ஒரு அட்டையில் எழுதியிருக்கலாமே. விசாரணை அறையில் பிரெஞ்சுக்காரருக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் பெரிய ஆள் என்று ஐந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் சொந்தச் சனத்துக்கு முன்னால் அதே குற்றத்தை நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு சாடைகூடக் காட்டாமல். உங்கள் மேல் எனக்குக் கோபமாக வருகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

"அக்கா, அந்த வசனம் அவர் எழுதினதில்லை. நான் எழுதினது. அவர் எழுதினதை நான்தான் எடுத்தனான்" என்றேன். தலைவர் வந்தது, பந்தி, விசாரணை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தா. பிறகு, "அவருக்குத் தெரியுமோ, நீங்கள்தான் எண்டு?" என்று கேட்டா.

"முதல் நாளிலயிருந்து தெரியும்."

"ஐஞ்சு வருஷமா நான் அவரை மன்னிச்சுக்கொண்டிருந்தன்" என்றா அக்கா. ஏசவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு துண்டில் உங்கள் தமையனின் விலாசத்தை எழுதிக்கொண்டு வந்து என் கையில் தந்தா. "அவருக்கு எழுபத்திரண்டு வயசு. கண் இன்னும் தெரியுது. எழுதுங்கோ."

அந்தத் துண்டு அன்றிலிருந்து என் கைப்பையில் கிடக்கிறது. வேலைக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் என்னோடுதான் வருகிறது. மூன்று தடவை தொடங்கிவிட்டேன். தலைவர் வற்புறுத்தினார் என்று ஒரு கடிதம் தொடங்கியது. உங்கள் தம்பியின் நன்மைக்காக என்று இன்னொன்று. வழக்கு எப்படி நடந்தது என்று நீட்டி முழக்கி மூன்றாவது. மூன்றையும் வாசித்துப் பார்த்தேன், மூன்றிலும் நான் தப்பிக்கத்தான் பார்க்கிறேன். கிழித்துப் போட்டேன். உங்களோடு கொஞ்சம் கதைத்துவிட்டால் கை வரும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வந்துவிட்டது அண்ணை. அடுத்த தாளில் தொடங்கிவிட்டேன். இப்படித்தான் தொடங்குகிறது:

மதிப்புக்குரிய ஐயா, உங்கள் தம்பி அதை எழுதவில்லை. எழுதியது நான்.